அம்மணி ஜாக்கி வாங்கியிருக்கிறாள்

பொள்ளாச்சி
அக்டோபர் 26

அன்புள்ள அம்மணிக்கு,

நீ அனுப்பிய படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு நான்கு முறை பார்த்தேன். காரைத் தூக்கும் சிவப்பு டிராலி ஜாக்கி, பக்கத்தில் அடுக்கிய பனிக்கால டயர்கள், அவற்றின் உச்சியில் ஏறி உட்கார்ந்திருக்கும் பேரன். டயர்களை ரிம்மோடு சேர்த்தே வாங்கியிருக்கிறாய், அது கெட்டிக்காரத்தனம். கடையில் டிசம்பர் இரண்டாம் வாரம்தான் நாள் தருகிறார்கள், கனடாவில் உங்கள் கியூபெக் மாகாணச் சட்டமோ டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம் என்கிறது, ஆகையால் நானே மாற்றிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். பத்து நிமிட வீடியோ ஒன்று பார்த்தாயாம், சுலபமாகத்தான் இருக்கிறதாம்.

சுலபம்தான். முப்பத்தெட்டு வருடம் பட்டறை நடத்தியவன் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே குழம்புக்குத் தாளிப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு ஜாக்கிப் பெட்டியிலேயே போட்டு வை.

சிறுமியாக இருந்தபோது பட்டறைக்குள் வந்தால் பாவாடையில் கிரீஸ் ஆகிவிடும் என்று உன்னை விரட்டுவேன். உன் அண்ணனைப் பிடித்து இழுத்துவந்து கற்றுக்கொடுத்தேன். அவன் இன்று பஞ்சர் ஆனால் எனக்குப் போன் செய்கிறான். நீ ஜாக்கி வாங்கியிருக்கிறாய். அது போகட்டும்.

உன் ஜாக்கி இரண்டு டன் தாங்கும் என்று எழுதியிருக்கிறது. உன் கரோலாவின் எடை ஏறத்தாழ 1,400 கிலோ. ஒரு மூலையைத் தூக்கும்போது அதில் ஒரு பங்குதான் ஜாக்கியின் மேல் வருகிறது. எடையால் ஜாக்கி தோற்காது. நான் பார்த்தவரை வண்டிகள் கனம் தாங்காமல் விழுந்ததைவிட நகர்ந்து விழுந்ததே அதிகம். கீழே நான் எழுதுவதெல்லாம் அந்த நகர்வைப் பற்றித்தான்.

முதலில் எங்கே தூக்குவது. நான் தொழில் பழகியது அம்பாசடரிலும் ஜீப்பிலும். ஜாக்கியைப் பின் ஆக்சில் குடத்துக்கு அடியில் கொடுத்து நான்கு மிதி மிதித்தால் வண்டி எழுந்து நிற்கும். யோசிக்கவே வேண்டியதில்லை. இப்போதைய கார்களுக்கு அடியில் படுத்துப் பார்த்தால் பிளாஸ்டிக் மூடியும் அப்பளம் போன்ற தகடும்தான் தெரியும். ஜீப்பில் இருப்பது போலத் உடலைத் தாங்கத் தனியாக ஒரு இரும்புச் சட்டம், அதாவது சேசிஸ், கிடையாது. உடலேதான் சேசிஸ். ஜாக்கியைக் கண்ட இடத்தில் கொடுத்தால் தளம் உள்ளே குழியும், எண்ணெய்த் தொட்டி நசுங்கும்.

கதவுகளுக்குக் கீழே, வண்டியின் நீளத்துக்கு, இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பற்றவைத்த மடிப்பு ஒன்று விளிம்புபோல் இறங்கி நிற்கும். முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் அந்த மடிப்பில் இடத்துக்கு இரண்டிரண்டு வெட்டு அடையாளங்கள் இருக்கும். விரலால் தடவிப் பார், கிடைக்கும். இரண்டு வெட்டுகளுக்கும் நடுவில் உள்ள அந்த ஒரு சாண் இடத்தில்தான் உள்ளே பலம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே மட்டும்தான் தூக்க வேண்டும். உங்கள் ஊரில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புப் போடுகிறார்கள். அந்த உப்பு முதலில் தின்பது இந்த மடிப்பைத்தான். ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார். செதில் செதிலாக உதிர்ந்தால் அந்த இடத்தில் தூக்காதே, கடைக்கே கொண்டு போ.

ஜாக்கியின் தலையில் இருக்கும் இரும்புக் கிண்ணம் பல் பல்லாக இருக்கும். அதை நேராக மடிப்பில் வைத்தால் பெயின்ட் உரியும், மடிப்பும் ஒருபக்கமாகச் சாயும். சாய்கிற மடிப்பு வழுக்கும். நான் அங்கு வந்திருந்தபோது பேரன் ஐஸ் ஹாக்கி வில்லைகளை வீடெங்கும் இறைத்து வைத்திருந்தான், ஒன்றை மிதித்து நான் விழப்பார்த்தேன், நினைவிருக்கிறதா? ஒரு அங்குலக் கனம், மூன்று அங்குல அகலம், கெட்டி ரப்பர். ஜாக்கிக் கிண்ணத்துக்கு அதைவிட நல்ல மெத்தை கிடைக்காது. பழைய வில்லை ஒன்றைக் கேட்டு வாங்கி, நடுவில் ரம்பத்தால் மடிப்பு இறங்கும் அளவுக்குப் பள்ளம் வெட்டிக்கொள். பாதிக் கனத்துக்கு மேல் வெட்டினால் வில்லை பிளந்துவிடும். மடிப்பு அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டால் பக்கவாட்டில் போகாது.

அடுத்தது, வீடியோக்காரர்கள் சொல்லாமல் விடுகிற விஷயம். ஜாக்கிக்கு ஏன் சக்கரம் வைத்திருக்கிறார்கள்? இழுத்துக்கொண்டு போக மட்டும் அல்ல. அதன் கை நேராக மேலே போவதில்லை. கடிகார முள் மூன்றிலிருந்து ஒன்றை நோக்கி ஏறும்போது நுனி உள்பக்கம் நகர்கிறது அல்லவா, அதுபோலத்தான் இதுவும். கை ஏற ஏறக் கிண்ணம் கைப்பிடியை நோக்கி, அதாவது உன்னை நோக்கி, வரும். வண்டி நகரக் கூடாது, கிண்ணமும் மடிப்பை விட்டு விலகக் கூடாது. மிச்சம் இருப்பது ஜாக்கிதான். அது தானாக உருண்டு வண்டிக்கு அடியில் கொஞ்சம் போக வேண்டும். அதன் சக்கரம் ஒரு கூழாங்கல்லில் முட்டினாலோ தரையின் வெடிப்பில் இறங்கினாலோ உருளாது. அப்போது கிண்ணம் மடிப்பை இழுக்கும், ஒரு கட்டத்தில் விட்டுவிடும். ஆகவே முதலில் துடைப்பத்தை எடு. கராஜின் சிமென்ட் தரையைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டு அங்கேயே வேலை செய். வாசலில் இருக்கும் தார்ப் பாதை வேண்டாம். அது தெருவை நோக்கிச் சரிகிறது, நான் பார்த்திருக்கிறேன். கைப்பிடியை நான்கு முறை அடித்ததும் நிறுத்தி, குனிந்து, ஜாக்கி உருண்டிருக்கிறதா என்று பார். பிறகு மேலே அடி.

ஜாக்கி உருள வேண்டும், வண்டி உருளக் கூடாது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். 'பார்க்' கியரில் போட்டாயிற்று, இனி அசையாது என்று நினைப்பார்கள். உன் வண்டியில் என்ஜின் முன் சக்கரங்களைத்தான் ஓட்டுகிறது, 'பார்க்' பிடிப்பதும் முன் சக்கரங்களைத்தான், அதுவும் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் வழியாக. ஒரு முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால் அது காற்றில் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றலாம். 'பார்க்' போட்டிருந்தும் வண்டி நகரும்! அப்போது பிடித்து நிறுத்துவது பின் சக்கரத்தின் ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். பின் சக்கரத்தைத் தூக்கும்போது கதை தலைகீழ், 'பார்க்' உதவும், ஹேண்ட் பிரேக்கில் பாதி போய்விடும். எதைத் தூக்கினாலும் இரண்டையும் போடு. அதற்கு மேல், தூக்கும் சக்கரத்துக்குக் குறுக்கு மூலையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடு. இங்கே பழைய தேக்கில் இழைத்து நான்கு கட்டை செய்து வைத்தேன். கூரியர்க்காரர் மரம் என்றதும் கையை விரித்துவிட்டார். அங்கேயே ரப்பர்க் கட்டை வாங்கிக்கொள்.

இனி ஒன்று சொல்கிறேன். உன் அம்மாவிடம் சொல்லக் கூடாது.

என் இடது தோளில் இருக்கும் தழும்பு சைக்கிளில் இருந்து விழுந்தது அல்ல. 1989-ல், நீ பிறப்பதற்கு முன், ஒரு வாடகைக் கார் பட்டறைக்கு வந்தது. சைலன்சர் தொங்கிவிட்டது, கல்யாணச் சவாரி, அவசரம். பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைந்துவிட்டேன். தூக்கிய வண்டியைத் தாங்கி நிறுத்தும் ஸ்டாண்டு சுவரோரம் பத்தடி தூரத்தில்தான் இருந்தது. ஓட்டுநர் ஏதோ பையை எடுக்கக் கதவைத் திறந்து சீட்டில் ஒரு கையை ஊன்றினார், அவ்வளவுதான். ஜாக்கி சாய்ந்த சத்தம் கேட்கவில்லை, வெளிச்சம் போனது மட்டும் தெரிந்தது. சைலன்சர்ப் பட்டை தோளில் இறங்கி அங்கேயே நின்றது. நிற்கக் காரணம், கழற்றிய சக்கரத்தை என் மேஸ்திரி பழக்கிய பழக்கத்தில் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டிருந்தேன். வண்டி அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. ரிம் நெளிந்துபோயிற்று. ஓட்டுநர் அந்த ரிம்முக்குக் காசு கேட்டார், கொடுத்தேன்.

ஆகவே, சக்கரத்தைக் கழற்றியதும் அதைக் கதவுக்குக் கீழே, ஜாக்கிக்குப் பக்கத்தில், படுக்கப் போடு. புதுச் சக்கரத்தைக் கையில் எடுத்த பிறகுதான் அதை வெளியே இழுக்க வேண்டும். பேரன் வீட்டுக்குள் இருக்கட்டும். மாப்பிள்ளை உதவிக்கு வந்தால் வரட்டும், ஆனால் வண்டிக் கதவை யாரும் தொடக் கூடாது. டயர் மாற்றுவதற்கு உன் தலையோ தோளோ வண்டிக்கு அடியில் போக வேண்டிய அவசியமே இல்லை. நட்டு உருண்டு உள்ளே போனாலும் கையை விடாதே, துடைப்பக் குச்சியால் தள்ளி எடு.

ஸ்டாண்டு கொடுக்கலாமா என்று கேட்பாய். கொடுக்கலாம், ஆனால் இந்தக் காலத்துக் கார்களில் ஒரு சங்கடம். மூலைக்கு ஒரே ஒரு பலமான இடம். அங்கே ஜாக்கி உட்கார்ந்துவிட்டால் ஸ்டாண்டுக்கு இடம் எங்கே? வண்டியின் நடுவில் டிராலி ஜாக்கி கொடுக்கத்தக்க இடம் உண்டென்றால் கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். அங்கே தூக்கினால்தான் இரு ஓரங்களிலும் ஸ்டாண்டை நிறுத்த முடியும். பிரேக் வேலை, எண்ணெய் மாற்றுவது என்று உனக்கு ஆசை வளர்ந்தால் அதை அப்போது பேசுவோம். வாங்கும்போது குறுக்கே ஆணி செருகும் வகையாகப் பார்த்து வாங்கு. 2020-ல் அமெரிக்காவில் ஒரு கடைத்தொடர் பல்சக்கர வகை ஸ்டாண்டுகளைப் பத்து லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்றது. பல் சரியாகக் கடிக்காமல் வழுக்கி இறங்கியதுதான் காரணம்.

ஜாக்கியும் இறங்கும், மெல்ல. அதற்குள் மிளகு அளவு எஃகுக் குண்டு ஒன்று துளையை அடைத்துக்கொண்டு எண்ணெயைத் தடுக்கிறது. ரவையில் பாதிகூட இல்லாத துகள் ஒன்று குண்டுக்கும் துளைக்கும் நடுவில் மாட்டினால் போதும். எத்தனையோ ஜாக்கிகளைப் பிரித்து அந்தத் துகளை விரல் நுனியில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். தூக்கி வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போகாதே.

மற்றது உனக்கே தெரியும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திக்கொள். மாட்டும்போது கையால் முடிந்தவரை திருகி, எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்கு. வண்டியை இறக்கிய பிறகு முறுக்கின் அளவு காட்டும் டார்க் ரென்ச்சில் 103 நியூட்டன் மீட்டர். நம் லாரிக்காரர்கள் ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிப்பதைப் பார்த்திருக்கிறாய், அதைச் செய்யாதே. நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் மறுபடி ஒருமுறை பார். இறக்கும்போது கைப்பிடியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பு.

அடுத்து மின்சார வண்டி வாங்கப்போவதாகச் சொன்னாயே, வாங்கினால் இந்தக் கடிதத்தை நம்பி அதைத் தூக்காதே. அதன் தளம் முழுக்க பேட்டரி. கையேட்டைப் படம் எடுத்து அனுப்பு, சேர்ந்து பார்ப்போம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பிப்பதாகச் சொன்னாய், எங்களுக்கு இரவு ஏழரை. வேலை நடக்கும்போது வீடியோவில் காட்ட வேண்டாம், ஒரு கையில் போன் இருந்தால் கவனம் அதில்தான் போகும். நாலாவது சக்கரத்தை முறுக்கிவிட்டுக் கூப்பிடு.

அப்பா

பின்குறிப்பு: கழற்றிய டயர்களின் உள்பக்கம் சாக்பீஸால் முன் இடது, பின் வலது என்று எழுதி வை. மார்ச்சில் எது எங்கே இருந்தது என்று உனக்கு நினைவிருக்காது.