லிதுவேனியாவையும் சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வரைபடத்திலிருந்து மறைந்த நாடுகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1795-ல் போலந்து மறைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே மறைந்த லிதுவேனியா எங்கே? 1569-ல் போலந்து அதை விழுங்கிவிட்டது என்கிற மாதிரி ஒரே ஒரு வரி. அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

யாரும் யாரையும் விழுங்கவில்லை. 1386-ல் லிதுவேனியாவின் கோமகன் யொகைலா ஞானஸ்நானம் பெற்று, போலந்தின் அரசி யாத்விகாவை (அந்தப் பெண்ணுக்கு அப்போது 12 வயதுதான் இருக்கும்) மணந்து, அன்றைய போலந்தின் தலைநகரான கிராக்கோவில் முடிசூடினார். அப்புறம் 1413-ல் ஹொரோத்வோ என்ற ஊரில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது: போலந்தின் 47 பிரபுக் குலங்கள் லிதுவேனியப் பிரபுக்களைத் தங்கள் குலச்சின்னத்துக்குள் சேர்த்துக்கொண்டன, பிள்ளையைத் தத்து எடுப்பதுபோல. கத்தோலிக்கர்களை மட்டும்தான் சேர்த்தார்கள், அது குறைதான்.

1569-ல் போலந்தின் லூப்லின் நகரில் நடந்ததைச் சுமுகமான இணைப்பு என்றும் நான் சொல்ல வரவில்லை. இரு நாட்டுக்கும் பொது மன்னரான சிகிஸ்முண்ட் அகஸ்டுக்கு வாரிசு இல்லை, கிழக்கே மாஸ்கோவின் மன்னர் இவானோடு போர். நிபந்தனை பிடிக்காமல் லிதுவேனியப் பிரபுக்கள் சொல்லாமல்கொள்ளாமல் ஊரைவிட்டே போய்விட்டார்கள். மன்னரோ வோலினியா, கீவ் என்று லிதுவேனியாவின் தெற்குப் பகுதிகளை வரிசையாகப் போலந்தோடு சேர்த்துவிட்டார். வேறு வழியில்லாமல் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார்கள். ஆனாலும் மன்னரும் நாடாளுமன்றமும்தான் பொதுவானவை. கருவூலம், படை, சட்டம் எல்லாம் லிதுவேனியாவுக்குத் தனி. அவர்கள் 1588-ல் திருத்திய சட்டத்தொகுப்பு, நாடே போன பிறகும் ரஷ்ய ஆட்சியில் 1840 வரை நடைமுறையில் இருந்தது. 1791-ல்கூட, பொதுக் கருவூல ஆணையத்திலும் படை ஆணையத்திலும் இரு நாட்டுக்கும் சரிபாதி இடம் என்றுதான் எழுதிக்கொண்டார்கள்.

பின்னாளில் வில்னியஸ் நகருக்காக (இன்றைய லிதுவேனியாவின் தலைநகர்) இரண்டு நாடுகளும் அடித்துக்கொண்டதும் உண்மை. அந்தச் சண்டையில் போலந்தின் பக்கம் நின்ற போலந்துத் தலைவர் பில்சுட்ஸ்கியின் உடல் கிராக்கோவில் இருக்கிறது, இதயம் மட்டும் வில்னியஸில் அவருடைய தாயின் கல்லறையில். கல்லில் அவர் பெயர்கூடக் கிடையாது, ‘தாயும் மகனின் இதயமும்’ என்று மட்டும் போலிஷ் மொழியில் பொறித்திருக்கிறார்கள்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். 1795-ல் மறைந்த நாட்டின் பெயரை ‘போலந்து–லிதுவேனியா’ என்று மாற்றினாலே போதும்.

அன்புடன்,
ஒரு வாசகர்