அந்த அரே எங்கே உட்கார்ந்திருக்கிறது? நெல்லை வட்டார எலெக்ட்ரானிக்ஸ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லை, தென்காசி வட்டாரப் பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளில் புராஜெக்ட் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டத்தைத் தமிழில் காட்டும் ஒரு புராஜெக்டை எடுத்துக்கொள்வோம். ஆர்டுயினோ ஊனோ போர்டு, 128-க்கு 64 புள்ளி ஓலெட் திரை, எழுத்துருவை அரேயாக, அதாவது நிரலில் சேர்க்கும் எண்வரிசையாக, மாற்றித் தரும் ஒரு டூல். டூல் தந்த கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் மாணவர்கள் சேர்த்துவிடுகிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

ஊனோவின் ஏடிமெகா 328பி சிப்பில் நிரல் தங்கும் ஃப்ளாஷ் நினைவகம் 32 கேபி. நிரல் ஓடும்போது பயன்படும் ராம் 2,048 பைட்தான். 16-க்கு 16 கட்டத்தில் ஓர் எழுத்துக்கு 32 பைட் ஆகும். 40 வடிவம் என்றால் 1,280. டூல் 'கான்ஸ்ட்' (மாறாத தரவு) என்று போட்டிருந்தாலும் இந்தச் சிப்பில் அரே ஃப்ளாஷோடு நிற்காது. நிரல் தொடங்கும்போதே ராமுக்கு நகலாகிவிடும். எஸ்டிஎம்32 வகைச் சிப்பில் கான்ஸ்ட் போதும், இங்கே போதாது.

கம்பைல் ஆகிவிடும். ஆனால் அடாஃப்ரூட்டின் எஸ்எஸ்டி 1306 லைப்ரரி திரைக்கான 1,024 பைட்டை ஓடும்போதுதான் மேலாக் என்ற, ராமில் இடம் கேட்கும் ஃபங்ஷன் வழியாகக் கேட்கிறது. கம்பைலர் காட்டும் கணக்கில் அது இல்லை. இரண்டும் சேர்ந்தால் 2,304, ராமின் 2,048-ஐத் தாண்டிவிடும். திரை இருட்டாகவே கிடக்கும். பாவம், மாணவர் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவார், புதுத் திரையும் வாங்குவார்.

தீர்வு இதுதான்: அரே அறிவிப்பில், ஃப்ளாஷிலேயே வை என்று சொல்லும் 'புரோக்மெம்' வேண்டும். படிக்கும் இடத்தில், ஃப்ளாஷிலிருந்து எடுக்கும் 'பிஜிஎம் ரீட் பைட்' வேண்டும். முதலாவதை மட்டும் செய்தால், நிரல் ராமில் அதே முகவரியில் கிடக்கும் ஏதோ ஒன்றை எடுத்துவரும். எச்சரிக்கை எதுவும் வராது, திரையில் குப்பைப் புள்ளிகள்தான் வரும்.

சொற்பட்டியலிலும் ஒரு கண்ணி உண்டு. சொற்களின் முகவரிகளை வைத்திருக்கும் பாயின்டர் அரே ஃப்ளாஷுக்குப் போனாலும், அது காட்டும் சொற்கள் ராமிலேயே இருக்கும். 'நீர்மட்டம்' யூடிஎஃப்-8 என்ற வழக்கமான எழுத்துக் குறியீட்டில் 30 பைட். அதையே நீ, ர், ம, ட், ட, ம் என்று வடிவ எண்களாக வைத்தால் 6 பைட்.

247 எழுத்தையும் படமாக்கினால் 7,904 பைட். அது தேவையே இல்லை. உயிர் 12, ஆய்தம் 1. மெய், அகரம், இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் ஆகிய ஆறு வரிசைக்கு 108. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்குறி என 4. ஔகாரத்துக்கு ள-வே போதும். ஆக 125 வடிவம், 4,000 பைட். ஔ, ணூ போன்றவை 16 கட்டத்தில் நெருங்கிப்போகும். அவற்றுக்கு அகலம் கூட்டி, அகலத்தையும் ஒரு பைட்டாக வையுங்கள்.

ராம் இன்னும் நெருக்கினால் யூ8ஜி2 என்ற திரை லைப்ரரியில், படத்தைப் பகுதி பகுதியாக அனுப்பும் பக்க முறைக்கு 128 பைட் போதும். ஒரே படத்தை 8 முறை வரைய வேண்டியிருக்கும். நீர்மட்டத்துக்கு அந்த வேகம் தாராளம்.

டூல் தரும் கோப்பைக் கையால் திருத்த விடாதீர்கள். எழுத்துருவை மறுபடி எடுத்தால் திருத்தம் போய்விடும். டூலின் டெம்ப்ளேட்டையே திருத்தச் சொல்லுங்கள்.

ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம் கட்டாயமாக்குங்கள்: ஏவிஆர்-சைஸ் என்ற அளவு காட்டும் டூல் தரும் டேட்டா (தொடக்க மதிப்புள்ள மாறிகளின் இடம்), பிஎஸ்எஸ் (தொடக்க மதிப்பு இல்லாதவற்றின் இடம்), லைப்ரரி ஓடும்போது கேட்கும் இடம், ஃபங்ஷன்கள் ஓடும்போது பயன்படுத்தும் ஸ்டாக்குக்கு மிஞ்சுவது. வைவாவில் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "தம்பி, இந்த அரே ஃப்ளாஷ்ல இருக்கா, ராம்ல இருக்கா?"

இப்படிக்கு,
நெல்லை வட்டார எம்பெடட் புரோகிராமர்கள்