அகரவரிசைப் பட்டியல் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் மாணவர் பக்கத்தில் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்துக்கான அருஞ்சொற்பட்டியல் அகரவரிசையில் வந்திருந்தது. உழைப்பு தெரிகிறது. ஆனால் இந்த நாடகத்தில் பிள்ளைகளைக் கவிழ்ப்பவை அருஞ்சொற்கள் அல்ல. ‘அனான்’, ‘ஃபெய்ன்’ என்று வந்தால் தெரியாத சொல் என்று அவர்களே அகராதியைப் புரட்டிவிடுவார்கள். பொருள் மாறிப்போன பழகிய சொல்லைத்தான் யாரும் தேடுவதில்லை. பட்டியலில் அத்தகைய சொல் ஒன்றுகூட இல்லை.

நான்காம் அங்கம், முதல் காட்சியைப் பாருங்கள். மருந்தைக் குடித்தால் என்ன ஆகும் என்று பாதிரியார் லாரன்ஸ் ஜூலியட்டுக்குச் சொல்கிறார்: ‘ப்ரசன்ட்லி’, நாளங்களில் எல்லாம் குளிர்ந்த, உறக்கம் தரும் ஒரு ‘ஹ்யூமர்’ ஓடும். நம் ஊர் ஆங்கிலத்தில் முன்னது ‘தற்போது’, பின்னது நகைச்சுவை. ஷேக்ஸ்பியர் காலத்தில் முன்னது ‘உடனே’. பின்னது உடலுக்குள் ஓடும் நீர். நாம் வாதம், பித்தம், கபம் என்பதுபோல அவர்கள் நான்கு நீர்களைக் கணக்கிட்டார்கள். 42 மணி நேரம் பிணம்போலக் கிடக்கப்போகிற பெண்ணிடம் பாதிரியார் வேடிக்கை பேசுகிறார் என்று விடைத்தாளில் வந்தால், பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது.

‘கஸின்’ இன்னொன்று. டிபால்ட் செத்துக் கிடக்கையில் ஜூலியட்டின் தாய் கேபுலெட் சீமாட்டி ‘என் கஸின்’ என்று அலறுகிறாள். அதே மூச்சில் ‘உடன்பிறந்தான் பிள்ளையே’ என்கிறாள். நம் முறைப்படி மருமகன். அன்று கஸின் என்பது பொதுவாக உறவுக்காரன், அவ்வளவே. ‘கவுண்டி பாரிஸ்’ என்பதில் கவுண்டி பிரபுவைக் குறிக்கும், மாவட்டத்தை அல்ல. ‘வேர்ஃபோர்’ என்றால் எங்கே அல்ல, ஏன். ‘தேர்ஃபோர்’ என்பதன் ஜோடி என்று சொல்லிக்கொடுத்தால் மறக்காது. மாடத்தில் ‘வேர்ஃபோர்’ என்று கேட்கும் ஜூலியட் ரோமியோவைத் தேடவில்லை. நீ ஏன் பகை வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தாய் என்று புலம்புகிறாள்.

இதெல்லாம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு விளங்காத விஷயமல்ல. ‘கற்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ என்று ஆண்டாள் பாடியதை இன்றைய பொருளில் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஒருமையான ‘தௌ’, மரியாதையான ‘யூ’ வேறுபாடும் நீ, நீங்கள் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். விருந்தில் முதன்முதல் பார்த்தபோது ஜூலியட் ரோமியோவை ‘யூ’ என்கிறாள்; மாடத்தில் ‘தௌ’. டிபால்ட் வாய்ச்சண்டைக்கு இழுக்கும்போது சொல்வதும் அதே ‘தௌ’தான், அது ‘டேய்’ என்கிற தொனி. நம் நீ, நீங்கள் அளவுக்கு அங்கே கட்டுப்பாடு இல்லை, ஒரே உரையாடலிலேயே மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

படிக்கும் முறை: முதல் இரண்டு நாள் ஆர்ட், ஹாஸ்ட், ஹாத், டஸ்ட், டத், வில்ட், ஷால்ட் ஆகிய பழைய வினைவடிவங்கள் மட்டும். பிறகு நாளுக்கு ஒரு காட்சி, காட்சிக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் வேண்டாம். மொத்தம் 24 காட்சிகள்; ஒரு மாதத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை; அதன் முன்பக்கம் தனிச்சொல்லை எழுதக் கூடாது, சொல்லுக்கு அடிக்கோடிட்டு முழு வரியையும் எழுத வேண்டும். தனிச்சொல்லாக எழுதினால் அடுக்கின் வரிசைதான் மனப்பாடமாகும். வரியில் பார்க்கும்போது பொருள் வராது. பின்பக்கம் தமிழில் பொருள், அங்கம், காட்சி எண். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் புரட்டிப் பார்க்கலாம். தவறியது மறுபடி முதல் நாள் அடுக்குக்குப் போக வேண்டும். ‘முன்பு’ என்னும் ‘ஏர்’ (ere), ‘எப்போதும்’ என்பதன் சுருக்கமான ‘ஏர்’ (e'er) இரண்டும் காதுக்கு ஒன்றுதான். எழுத்தைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும்.

கைப்பேசி மொழிபெயர்ப்பு பெரும்பாலும் இன்றைய பொருளையே நீட்டும். 1874, 75இல் வந்த ஷ்மிட்டின் ஷேக்ஸ்பியர் அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, அதில் சொல் வரும் இடமும் குறிக்கப்பட்டிருக்கும். தெரிந்த பொருளை வைத்தால் வரி எங்கே இடறுகிறதோ, அங்கே நின்று அதைப் புரட்டச் சொல்லுங்கள்.

அடுத்து ‘மேக்பெத்’ என்று அறிவித்திருக்கிறீர்கள். காட்சிவாரியாக, வரியோடு போடுங்கள். ‘வியர்ட் சிஸ்டர்ஸ்’ என்பதில் ‘வியர்ட்’ விசித்திரத்தை அல்ல, விதியைக் குறிப்பது. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஆங்கில ஆசிரியர்,
பாளையங்கோட்டை