துணிக்கடை, நகைக்கடை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உரிமையாளர்களுக்கு,

வணக்கம். நாள் முழுவதும் நின்றே விற்பனை செய்யும் எங்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021ஆம் ஆண்டு திருத்தப்பட்டது. எங்கள் கால்வலியைச் சட்டம் கண்டுகொண்டது. மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலியை இன்னும் எவரும் கண்டுகொள்ளவில்லை என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

இது நரம்பு மண்டலம் சார்ந்த நோய். தக்க மருந்து எடுக்காவிட்டால், ஒருமுறை வந்த வலி 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கக்கூடும். ஆண்களைவிடப் பெண்களையே இது இரண்டு, மூன்று மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. உங்கள் புடவைப் பிரிவுகளில் நிற்பவர்கள் யார் என்பது உங்களுக்கே தெரியும். சிலருக்கு வலி தொடங்குமுன் கண்முன் ஒளிக்கோடுகள் மின்னிப் பார்வையின் ஒரு பகுதி மறைந்துவிடும். அப்போது விலைச்சீட்டிலுள்ள எண்ணைக்கூடப் படிக்க முடியாது. வலி ஏறிய பிறகு வெளிச்சம், ஓசை, மணம் மூன்றுமே தாங்க முடியாதவை ஆகின்றன. நகைகளின் மேல் பாய்ச்சும் விளக்குகளுக்கும் ஓயாத விளம்பரப் பாட்டுக்கும் நடுவே, குமட்டலை அடக்கிக்கொண்டு, முகம் சுளிக்காமல் அடுத்த புடவையை விரித்துக் காட்டுவது எவ்வளவு கடினம் என்பதைத் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள்.

பாதி நாளில் வீட்டுக்குப் போனால் சம்பளம் பிடிக்கப்படும் என்ற அச்சத்தால், எங்களில் பலர் மருந்துக்கடையில் தாங்களாகவே மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு நிற்கிறார்கள். எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். சாதாரண வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ தொடர்ந்து சில மாதங்கள் எடுத்தால், அம்மாத்திரைகளே தலைவலியை அடிக்கடி வரவழைக்கும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். வலியை முன்கூட்டியே தடுக்க ப்ரொப்ரனலால் போன்ற விலை குறைந்த மருந்துகள் உள்ளன. ஆனால், அவற்றை மருத்துவர் பார்த்துத்தான் எழுதித் தர வேண்டும். பகலெல்லாம் கடையில் நிற்பவர் எந்த நேரத்தில் மருத்துவமனைக்குப் போவார்?

வலி இல்லாத நாட்களும் முழுமையாக எங்களுடையவை அல்ல. அடுத்தது எப்போது வருமோ என்று அஞ்சி உறவினர் திருமணத்துக்கு வருவதாக வாக்களிக்கவும், குழந்தையின் பள்ளி விழாவுக்குப் போகத் திட்டமிடவும் தயங்குகிறோம். கிடைக்கும் வார விடுமுறையும் பல நேரம் இருட்டறையில் படுத்தே கழிகிறது.

மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஒற்றைத் தலைவலியின் பெயர் இல்லை. உங்களிடம் காட்ட அப்படியொரு சான்றிதழும் எங்களிடம் இல்லாததால், உங்கள் நல்லெண்ணத்தையே நம்பியிருக்கிறோம். வலி தொடங்கியதும் மாத்திரை போட்டுக்கொண்டு சிறிது நேரம் படுக்க, விளக்கணைத்த சிறு அறை ஒன்றைத் தாருங்கள். அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். மருத்துவரைப் பார்க்க மாதத்தில் ஒரு முற்பகல் அனுமதியுங்கள்.

உணவு வேளை தவறுவது எங்களில் பலருக்கு வலியைத் தூண்டிவிடுகிறது. தீபாவளி விற்பனையின்போது மதியச் சாப்பாடு மாலை நான்கு மணிக்குத் தள்ளிப்போவதைப் பார்த்திருக்கிறேன். இந்த ஆண்டுப் பணிப்பட்டியலைத் தயாரிக்கும்போதே ஒவ்வொருவரின் உணவு நேரத்தையும் அதில் குறித்து, எவ்வளவு கூட்டம் வந்தாலும் அதை மாற்றக் கூடாது என்று மேற்பார்வையாளர்களுக்கு எழுத்தில் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒற்றைத் தலைவலியுடன் பணிபுரியும் ஒரு விற்பனைப் பெண்