வயிற்றுச் சுற்றளவை டேப் வைத்து அளக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்ப்பது பெரிய உதவி. தொற்றாநோய் மதிப்பீட்டுப் படிவத்தில் வயிற்றுச் சுற்றளவுக்கும் மதிப்பெண் உண்டு. அதைக் கண்ணளவில் நிரப்பாமல் டேப் வைத்தே அளக்க வேண்டும். வயிற்றுக் கொழுப்புக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டு.

"ராத்திரி பாதிக் களியோட நிறுத்திட்டேன், காலையில வெறும் வயித்துல சுகர் 140 காட்டுதே?" என்று கேட்பவர்கள் இங்கே ஏராளம். அந்தச் சர்க்கரை பெரும்பாலும் கல்லீரல் இரவெல்லாம் தயாரித்தது. இன்சுலின் சரியாக வேலை செய்தால் கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலம் அதிகம் வெளியேறாது, கல்லீரலும் அடங்கியிருக்கும். கொழுப்பு செல்கள் அளவுக்கு மீறி உப்பி, அழற்சியும் சேர்ந்தால் அவை இன்சுலினுக்குக் கட்டுப்படுவதில்லை. தோலடிக் கொழுப்பிலிருந்து கசியும் கொழுப்பு அமிலம் ரத்தத்தில் சுற்றி வருகிறது. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பிலிருந்து வருவது போர்ட்டல் சிரை (குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்) வழியே நேரே கல்லீரலுக்குள் இறங்குகிறது. அங்கே ஒரு பங்கு டைஅசில்கிளிசரால் என்ற கொழுப்புப் பொருளாக மாறி, செல்லில் இன்சுலினின் சேதியை வாங்கும் ஏற்பியை மந்தமாக்குகிறது. இன்னொரு பங்கு எரிந்து, புதுச் சர்க்கரை உற்பத்தியை முடுக்கிவிடுகிறது. கை கால் ஒல்லியாக இருந்து தொப்பை மட்டும் போட்டவர்களுக்கும் இது நடக்கும்.

அளவு தப்புவது பெரும்பாலும் டேப் வைக்கும் இடத்தில். பேன்ட், புடவை கட்டும் இடத்தில் வைத்தால் தொப்பைக்குக் கீழே போய்விடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, துணியை விலக்கி, இறுக்காமல், மூச்சை இயல்பாக விட்ட பிறகு பார்க்க வேண்டும். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கல்லீரல் பரிசோதனையும் அவசியம்.

ஸ்கேனில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' (கல்லீரலில் லேசாகக் கொழுப்பு படிந்த நிலை) என்று வந்தால், "எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்று சொல்லி அனுப்பிவிடுவது எங்களுக்கு வேதனை தருகிறது. எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி ரத்தப் பரிசோதனையில் நார்மலாக இருந்தாலும் கல்லீரலில் கொழுப்பும் தழும்பும் இருக்கலாம். வயது, எஸ்ஜிஓடி (இன்னொரு நொதி), எஸ்ஜிபிடி, பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) நான்கையும் வைத்து, கல்லீரல் தழும்பைக் கணிக்கும் ஃபிப்-4 கணக்குப் போட்டு, 1.3-க்கு மேல் வந்தால் அடுத்த பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2.

70 கிலோ உள்ளவர் மூன்றரை கிலோ குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். அழற்சி தணிய 5 முதல் 7 கிலோ குறைய வேண்டும். ராகி நல்லதுதான், ஆனால் களி உருண்டை இரண்டை ஒன்றாக்கி, அந்த இடத்தில் கொள்ளும் கீரையும் சேர்க்க வேண்டும். மாம்பழத்தை அளவோடு துண்டாகச் சாப்பிடலாம், சர்க்கரை போட்ட பாட்டில் ஜூஸ் வேண்டாம்.

இப்படிக்கு,
பொது மருத்துவர்கள் சிலர்,
கிருஷ்ணகிரி.