வீட்டுக்குள் ஓர் அந்தி

அம்பாசமுத்திரம்,
ஜூன், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். சாரல் ஆரம்பித்துவிட்டது. அதோடு அப்பாவின் முழங்கால் வலியும் ஆரம்பித்துவிட்டது. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

போனில் சொல்லலாம் என்றால் பாதியில் பாப்பா அழுகிறாள், இல்லாவிட்டால் உனக்கு ஆபீஸிலிருந்து யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். அதனால் எழுதிவிடுகிறேன். நீயும் மருமகளும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள்.

பாப்பா ராத்திரி 11 மணிவரை முழித்திருக்கிறாள், தூங்கினாலும் மணிக்கொரு தரம் எழுந்து அழுகிறாள், என்ன மருந்து கொடுக்கலாம் என்று கேட்டாய். ஒரு மருந்தும் வேண்டாம். எடை ஏறுகிறது, தவழ்கிறாள், பகலில் நன்றாக விளையாடுகிறாள். உடம்பில் கோளாறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. பொழுது எப்போது சாய்கிறது என்பது அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நம் ஊரில் வருஷம் முழுக்கச் சூரியன் மறைவது ஏறக்குறைய 6 மணிக்கும் 6.45க்கும் நடுவில்தான். வாசல் கூட்டி விளக்கேற்றுவோம். பிள்ளைக்கு வெந்நீரில் மேல் கழுவி, மெல்லிய சட்டை மாட்டிவிடுவோம். தெருவில் சத்தம் அடங்கும், பாய் விரிப்போம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதற்கெல்லாம் யாரும் ரொட்டீன் என்று பெயர் வைக்கவில்லை. பாதி வேலையைச் சூரியனே பார்த்துக்கொண்டது. ஸ்காட்லாந்தில், உங்கள் எடின்பரோவில் இந்த மாதம் சூரியன் மறையவே ராத்திரி 10 மணி ஆகிறது, காலை 4.30க்கெல்லாம் மறுபடியும் வந்து நிற்கிறது. டிசம்பரில் பார்த்தால் பிற்பகல் 3.40க்கே இருட்டு. இப்படிப்பட்ட ஊரில் வானத்தை நம்பிப் பிள்ளை வளர்க்க முடியாது. அந்தியை நீங்கள்தான் வீட்டுக்குள் உண்டாக்க வேண்டும்.

இது கற்பனை இல்லை, உடம்பு நடக்கும் விதமே அப்படி. பிறந்த குழந்தைக்கு இரவு பகல் தெரியாது. இரண்டு மூன்று மாதம் ஆன பிறகுதான் இருட்டும்போது, தூக்கத்தை வரவழைக்கிற மெலடோனின் உடம்பில் சுரக்கிற ஒழுங்கு மெல்ல வருகிறது. வெளிச்சம் கண்ணில் படப்பட அந்தச் சுரப்பு தள்ளிப்போகும். ஆகவே முதல் வேலை, வெளிச்சம் புகாத திரை ஒன்று வாங்கி ஜன்னலுக்கு மாட்டு. ஓரத்தில் இடைவெளி இருந்தால் அதையும் ஒட்டிவிடு. சாயங்காலம் 6.30 ஆனதும் கூடத்துப் பெரிய விளக்கை அணைத்துவிட்டு, மூலையில் மஞ்சள் விளக்கு ஒன்று மட்டும் எரியட்டும். காலையில் 7 மணிக்குத் திரையை முழுக்க விலக்கி நல்ல வெளிச்சத்தைக் காட்டு. பலர் ராத்திரியை மட்டும் சரிசெய்யப் பார்க்கிறார்கள். காலையில் எழுப்புகிற நேரத்தை ஒழுங்காக வைத்தால்தான் ராத்திரியும் ஒழுங்குக்கு வரும்.

அடுத்தது உனக்கு வருத்தமாக இருக்கும். நீ ஆபீஸ் முடிந்து வந்ததும் வீடியோவில் கூப்பிடுகிறாயே, அதை நிறுத்து. உனக்கு மாலை 6.30 என்றால் எங்களுக்கு ராத்திரி 11. நாங்கள் முழித்திருந்து பேசுவதில் சிரமம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் போன் வெளிச்சம் பாப்பா முகத்தில் அடிக்கிறது. தாத்தா கைதட்டுகிறார், உன் சித்தி எட்டிப் பார்த்து "ஏ குட்டி!" என்று கத்துகிறாள், பாப்பாவும் துள்ளுகிறாள். தூங்கப்போகிற பிள்ளைக்கு இது திருவிழா. ஒரு வயதுக்குள் குழந்தைக்குப் போன், டிவி என்று எந்தத் திரையும் காட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. ஆச்சி முகம் தெரிகிற திரைக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று நான் அடம்பிடிப்பேன், ஆனால் அது காலையில் இருக்கட்டும். உனக்குச் சனிக்கிழமை காலை 8 மணி என்றால் எங்களுக்கு மத்தியானம் 12.30. சமையல் முடித்துவிட்டு நிம்மதியாகப் பேசலாம்.

இனி சாயங்கால வரிசை. 6.30க்குச் சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். வயிற்றைத் திணித்தால் ராத்திரி முழுக்கத் தூங்கும் என்று யாராவது கேப்பைக் கூழை இரண்டு பங்காகக் கொடுக்கச் சொன்னால் கேட்காதே, பிள்ளை நெளிந்துகொண்டேதான் கிடக்கும். பிறகு இளஞ்சூட்டு வெந்நீரில் சின்னக் குளியல். தினமும் சோப்பு தேவையில்லை. துடைத்து, கை கால் நீவிவிட்டு, சட்டை மாற்று. அப்புறம் பால். பால் குடித்த பிறகு, முளைத்திருக்கிற இரண்டு பல்லையும் பேஸ்ட் துளியாகத் தடவித் துலக்கிவிடு. அப்புறம் ஒரு புத்தகம். உங்கள் அரசாங்கம் குழந்தைகளுக்கு இலவசமாகப் புத்தகப் பை கொடுக்கிறதே, அதில் உள்ளது போதும். அதன் பிறகு பாட்டு, கட்டில். குளித்து முடித்ததிலிருந்து விளக்கு அணைப்பதுவரை அரைமணி நேரத்துக்கு மேல் இழுக்காதே.

நேரம் பத்து நிமிஷம் முன்பின் போனால் பரவாயில்லை. வரிசை மட்டும் மாறக் கூடாது. நாளும் கிழமையும் தெரியாத பிள்ளைக்கு அடுத்து என்ன வரும் என்பதுதான் கடிகாரம். 2009இல் அமெரிக்காவில் 405 தாய்மாரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். குளியல், உடம்பு நீவுதல், அமைதியான பாட்டோ தாலாட்டோ, இதை இரண்டு வாரம் ஒரே வரிசையில் செய்யச் சொன்னார்கள். பிள்ளைகள் சீக்கிரம் தூங்கின, ராத்திரி எழுவது குறைந்தது, தாய்மார் மனசும் தெளிந்தது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது குழந்தை சோப்பு விற்கிற கம்பெனி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகையால் எந்தச் சோப்பு என்பதை விட்டுவிடு, வரிசையை எடுத்துக்கொள். துணை சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில் வீடு வீடாகப் போய் நான் கண்டதும் அதுதான். ஏழை வீடு, வசதியான வீடு என்றில்லை, சாயங்காலம் ஒரே மாதிரி நடக்கிற வீட்டில் பிள்ளை சீக்கிரம் அடங்கும்.

இதில் பாலைப் புத்தகத்துக்கு முன்னால் வைத்திருப்பதைக் கவனித்தாயா? பல்லுக்காக மட்டும் இல்லை. இந்த வயதுப் பிள்ளையின் தூக்கம் ஏறக்குறைய 50, 60 நிமிஷத்துக்கு ஒரு சுற்றாக வரும். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் லேசாகக் கண் திறக்கும். தாய் மடியில் பால் குடித்தபடி தூங்கிய பிள்ளை, கண் திறந்தால் கட்டிலில் கிடக்கிறது. நீ உன் படுக்கையில் தூங்கி, நடுராத்திரி திண்ணையில் கண் விழித்தால் கத்த மாட்டாயா? மணிக்கொரு அழுகைக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எனவே கண் சொருகி, ஆனால் முழுக்கத் தூங்காத நேரத்தில் கட்டிலில் கிடத்து. முதலில் சிணுங்குவாள். பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொடு, ஆராரோ சொல்லு. கொஞ்ச நாள் கழித்து நாற்காலியை ஓர் அடி தள்ளிப் போடு. போதும்.

கதவைச் சாத்திவிட்டு அழவிடுங்கள் என்று உன் ஆபீஸ் நண்பர்கள் சொல்வதாகச் சொன்னாய். எனக்கு மனசு ஒப்பாது. ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில், இடைவெளி விட்டுவிட்டுப் போய்த் தேற்றுகிற முறையும், பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல விலகுகிற முறையும் பழக்கிய குழந்தைகளை ஆறு வயதில் மறுபடி பார்த்தார்கள். 2012இல் வந்த முடிவு, கெடுதலும் இல்லை, நெடுநாள் நன்மையும் இல்லை என்பது. ஆகவே எதை எடுத்தாலும் பிள்ளை கெட்டுப்போகாது. உங்கள் இரண்டு பேராலும் தாங்க முடிகிற முறையை எடுங்கள்.

இன்னொரு விஷயம், இதுதான் முக்கியம். குளியலிலிருந்து கட்டில்வரை நீ செய். பாலை மட்டும் மருமகள் கொடுக்கட்டும். அவள் மார்பு வாசனை பக்கத்தில் இருக்கிறவரை பாப்பாவுக்கு வேறு நினைப்பு வராது. நீ படுக்கவைத்தால் பால் கிடைக்காது என்று ஒரு வாரத்தில் புரிந்துகொள்வாள். அதைவிட, ஆகஸ்டில் மருமகள் வேலைக்குத் திரும்புகிறாள். பகல் முழுக்க ஆபீஸ், ராத்திரி முழுக்கப் பிள்ளை என்றால் அவள் எத்தனை நாள் தாங்குவாள்? உன் அப்பா தாலாட்டுப் பாடியதில்லை, உனக்கும் வெட்கமாக இருக்கலாம். அங்கே உன் பாட்டைக் கேட்க யார் வரப்போகிறார்கள்?

பகல் தூக்கத்தையும் பார்த்துக்கொள். இந்த வயதில் பகலும் இரவுமாகச் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் வேண்டும். பகலில் இரண்டு தரம் தூங்கினால் போதும், இரண்டாவது தூக்கம் பிற்பகல் 3.30க்குள் முடியட்டும். பகலில் தூங்கவிடாமல் வைத்தால் ராத்திரி நன்றாகத் தூங்கும் என்பது தவறு. அளவுக்கு மீறிக் களைத்த பிள்ளைதான் 9 மணிக்கு மேல் ஆட்டம் போடும். கண்ணைக் கசக்கி, காதைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தால் நேரம் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

சேலைத் தொட்டில் கட்டலாமா என்றும் கேட்டாய். உங்கள் வீட்டில் உத்தரமும் இல்லை, கொக்கியும் இல்லை. ஸ்பிரிங் வைத்த ஸ்டாண்ட் கிடைக்கிறது என்று யாரோ சொன்னால் வாங்காதே. சின்னக் குழந்தைக்கே அதில் கழுத்து மடங்கித் தாடை நெஞ்சில் அழுந்தும். எழுந்து நிற்கப் பார்க்கிற பிள்ளை கவிழ்ந்துவிடும். சேலை கழுத்தில் சுற்றிய செய்தி நம் ஊர்ப் பேப்பரில் அவ்வப்போது வருகிறது, அதற்கு மேல் எழுத மனசில்லை. பிறந்தபோது உங்களுக்கு அரசாங்கம் ஒரு பெட்டி அனுப்பியதே, மெத்தை, சட்டை, தெர்மாமீட்டர் எல்லாம் வைத்து? பின்லாந்தில் 1938இல் தொடங்கியதை ஸ்காட்லாந்து 2017இல் எடுத்துக்கொண்டது. அந்தப் பெட்டி போலவே கட்டிலும் இருக்கட்டும். தட்டையான, கெட்டியான மெத்தை, தலையணை இல்லை, பொம்மை இல்லை. மல்லாக்கக் கிடத்து. தானாகப் புரண்டால் புரளட்டும். மல்லாக்கப் படுக்கவையுங்கள் என்று 1991இல் பிரிட்டனில் பிரசாரம் செய்த பிறகு, தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் குழந்தை இறந்துபோவது சில வருஷத்திலேயே பாதிக்கு மேல் குறைந்தது.

நாமெல்லாம் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுத்தானே வளர்த்தோம் என்பாய். வளர்த்தோம், கெட்டித் தரையில் பாய் விரித்து. உங்கள் மெத்தை அமுங்குகிற மெத்தை, மேலே கனத்த போர்வை வேறு. அதனால் கட்டில் உங்கள் அறையிலேயே இருக்கட்டும், கைக்கெட்டுகிற தூரத்தில். சோபாவில் பிள்ளையோடு கண் அயர்வது மட்டும் ஒருநாளும் வேண்டாம். அறைச் சூடு 16 முதல் 20 டிகிரி போதும் என்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே குளிர்கிறது. ஆனால் போர்வைக்குப் பதிலாகத் தூக்கப்பை போட்டிருக்கிறாள் அல்லவா, தொப்பி வேண்டாம்.

உன் அத்தை ஒரு பட்டியல் சொல்லியிருப்பாள். வசம்பு வேண்டாம். தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது. கிரைப் வாட்டரும் வேண்டாம், அது நீ இருக்கிற நாட்டுச் சரக்குதான், 1851இல் நாட்டிங்ஹாமில் கண்டுபிடித்தது. பழைய நாளில் அதில் சாராயச் சத்து இருந்தது, பிள்ளை தூங்காமல் என்ன செய்யும்? சாம்பிராணி போடலாமா என்று மருமகள் கேட்டாள். பிள்ளை நெஞ்சுக்கு ஆகாது. அதோடு, அங்கே ஒரு புகை அலாரம் அடித்தால் வீட்டில் உள்ள எல்லா அலாரமும் சேர்ந்து அடிக்குமாம். அப்புறம் யாரும் தூங்க முடியாது. திருஷ்டி கழிக்க வேண்டுமானால் உப்பைச் சுற்றித் தண்ணீரில் போடுங்கள், மிளகாயை அடுப்பில் போட வேண்டாம்.

இரண்டு வாரம் விடாமல் செய்து பார். பல் முளைக்கும்போதோ சளி பிடிக்கும்போதோ எல்லாம் குலைந்துபோகும். சரியானதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பி. இந்த வயதில் தாய் கண் மறைந்தாலே பயப்படுவார்கள், அதுவும் சேர்ந்துகொள்ளும். அக்டோபர் கடைசி ஞாயிறு உங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்களே, அதற்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே தினமும் பத்து, பதினைந்து நிமிஷம் தள்ளிப் படுக்கவை. குறட்டை சத்தமாக வந்தாலோ, தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ, எடை ஏறாமல் நின்றாலோ என்னிடம் கேட்டுக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் போ.

டிசம்பரில் வரும்போது ஐந்தரை மணி நேர வித்தியாசம் இருக்கும், இரண்டு மூன்று நாள் ஆட்டம் காட்டுவாள். அவள் படித்துப் பழகிய அந்தப் புத்தகத்தையும் கட்டில் விரிப்பையும் துவைக்காமல் எடுத்து வாருங்கள், வாசனை வேண்டும். கொசுவலை வாங்கிவிட்டேன். சாயங்காலம் 7 மணிக்கு மேல் பிள்ளையைப் பார்க்க யாரும் வர வேண்டாம் என்று சொந்தக்காரர்களிடம் இப்போதிருந்தே சொல்லி வைக்கிறேன். உன் அத்தை கோபித்துக்கொள்வாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். தூக்கப்பையை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வா, இங்கே ஒரு பருத்திச் சட்டை போதும்.

அன்புடன்,
அம்மா