ஒட்டுசுட்டான் மெசின்

முள்ளியவளை

அன்பின் மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சது. முருங்கனில மழை தொடங்கிட்டுதெண்டு எழுதியிருந்தாய், இஞ்ச இன்னும் வானத்தைப் பார்த்தபடிதான். மூத்தவள் வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டிட்டாள். மற்றப் புதினங்கள் நேரில. முதல் நீ கேட்ட அலுவல்.

ஒட்டுசுட்டானுக்குப் போய் அந்த உழவு மெசினைப் பார்த்தனான். "ஒறிஜினல் மசி பெர்குசன் 35, மூண்டு சிலிண்டர்" எண்டு வீட்டுக்காரர் ஒரே பிடியில நிக்கிறார். சிவப்புப் பெயின்ற் பளபளக்குது. உருண்டை மூக்கு பொனற்றும் 35 இன்ரதான், அதுக்குப் பிறகு வந்த 135 மொடல் எண்டால் முகம் சதுரமா இருக்கும். ஆனா மச்சான், பொனற்றைப் பார்த்து மொடல் சொல்லுறவன் வன்னியில மெசின் வாங்கப் போகக்கூடாது. தொண்ணூறுகளில வன்னிக்குச் சாமான் வரத் தடை போட்டு வைச்சிருந்த காலத்தில ஒரு சாமான் வேணுமெண்டா இன்னொரு மெசினைத்தானே கழட்டினம்? 2009க்குப் பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் குவிஞ்சு கிடந்த இரும்புக்குள்ள தன்ரயைத் தேடிப் போனவன், கிடைச்சதைப் பூட்டிக்கொண்டுதான் வந்தவன்.

டாஷ்போட் தகட்டில இலக்கம் எஸ்.என்.எம் எண்டு தொடங்குது. மூண்டு சிலிண்டர் பேர்கின்ஸ் கொம்பனி எஞ்சின் பூட்டி 1959 கடைசியிலயிருந்து வந்த 35க்கு அந்த எழுத்துச் சரி. அதுக்கு முதல் வந்த நாலு சிலிண்டர் டீசலுக்கு எஸ்.டி.எம். ஆனா தகடு பழசு, அதைப் பிடிச்சிருக்கிற அலுமினிய றிவற் நேற்று அடிச்ச மாதிரி மினுங்குது. அதிலயே எனக்குச் சந்தேகம்.

பிறகு எஞ்சின்ர இடப்பக்கம், டீசல் பம்புக்குக் கிட்டக் குனிஞ்சன். கிறீஸும் புழுதியும் விரல் மொத்தத்துக்கு ஏறிக் கிடந்தது. மண்ணெண்ணெய்த் துணியால துடைக்கத் துடைக்க இலக்கம் வெளிச்சது: முதல் சி.ஈ, நடுவில யூ, கடைசியில சி. இந்த மாதிரி இலக்கம் பேர்கின்ஸ்காரன் 1974 இலதான் போடத் தொடங்கினவன். சி.ஈ எண்டா 152 கன அங்குல மூண்டு சிலிண்டர், யூ எண்டா இங்கிலாந்தில செய்தது, கடைசி எழுத்து வருசம். ஏ 1974 எண்டா சி 1976. 35ஐ 1964 இலயே நிப்பாட்டி 135ஐ விட்டிட்டாங்கள். அப்ப இந்த எஞ்சின் 135 ஒண்டில இருந்து வந்திருக்கலாம், ஜெனரேற்றர் ஒண்டில இருந்தும் வந்திருக்கலாம்.

அதோட விட்டிட்டு வந்திருப்பன். பின் அச்சுக்குக் கீழ, பெயின்ற் தெறிச்ச இடத்தில பேனாக்கத்தியால சுரண்டிப் பார்த்தன். சிவப்பு, அதுக்குக் கீழ ஒரு பச்சை, அதுக்கும் கீழ வெண்கல நிறம்! 1956 இல பெர்குசன் 35 எண்டு முதல் வந்ததுக்குத்தான் சாம்பல் தகரமும் வெண்கல வயிறும், வயிறெண்டா கியர்பொக்ஸ், பின் அச்சுப் பக்கம். 1957 கடைசியில மசி பெர்குசன் எண்டு பெயர் மாறினாப் பிறகுதான் சிவப்பு. ஆக, தகடு ஒரு மெசின்ர, எஞ்சின் இன்னொண்டின்ர, வயிறு ரெண்டுக்கும் மூத்தது.

இது என்ன மொடல் எண்டு கேட்டா, நான் வயித்தின்ர பக்கம்தான். எஞ்சினும் பொனற்றும் மாறும். கியர்பொக்ஸையும் டிபரன்சல் கூட்டையும் லேசில ஒருத்தரும் மாத்தாயினம். அப்பிடிப் பார்த்தா இது பெர்குசன் 35, முதல் ஈடு. வீட்டுக்காரர் தான் சொல்லுறதை விடப் பழைய சாமானை வைச்சிருக்கிறார், அது அவருக்குத் தெரியாது. நான் வாய் திறக்கேல்லை.

உன்ர வயலுக்கு எஞ்சின் மாறினது நட்டமில்லை. அந்த நாலு சிலிண்டர் ஸ்ராட் பண்ணப் படுத்துற பாடு பேர்போனது, சாமானும் கிடையாது. பின்னால இருக்கிற லிப்ற்றால கலப்பையைத் தூக்கிப்போட்டு எஞ்சினை நிப்பாட்டினன். தேத்தண்ணி குடிச்சு முடியுமட்டும் கலப்பை இறங்கேல்லை. கிளச்தான் கொஞ்சம் பிடிக்குது.

பிரச்சினை மெசின்ர பதிவுப் புத்தகம். "தம்பியட்டக் கிடக்கு" எண்டு மழுப்புறார். எஞ்சின் மாத்தினது பதிஞ்சிருக்கோ, தகட்டு இலக்கமும் புத்தகத்து இலக்கமும் ஒண்டோ எண்டு பாராமல் ஒரு சதமும் குடுத்திடாதை. ஒறிஜினல் விலையும் வேண்டாம், கலப்பு மெசினுக்குரிய விலைதான். வாற கிழமை வா, சேர்ந்து போவம். விலையை நான் பேசுறன், நீ பக்கத்தில சும்மா நிண்டாக் காணும்.

தங்கச்சிக்கும் பிள்ளையளுக்கும் என்ர அன்பு.

உன்ர மச்சான்